சிறு கைத்தொழிலும் சந்தையும்: யாழ்ப்பாணத்து அனுபவம் பற்றிய ஒரு திறனாய்வு

வளர்முக நாடுகளிலே சிறு கைத்தொழில்களைப் போட்டிக்கு ஈடுகொடுத்து நிலைபெறச் செய்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடை கூறியோர் பலர். முதலின்மையே குறை என்பர் ஒரு சாரார்; பயிற்சியின்மையே குறை என்பர் மற்றொரு சாரார். வெளிநாட்டுப் பண்டத்தைத் தடுத்துவிட்டால் உள்நாட்டுத் தொழில் தானே தழைக்கும் என்போரும் உளர். இவ்விடைகள் ஏட்டளவில் நில்லாது நடைமுறையிற் சோதிக்கப்பட்ட நிலங்களுள் யாழ்ப்பாணக் குடாநாடும் ஒன்று. சுண்ணக்கல்லின் மேற் படிந்த மெல்லிய மண்ணும், கிணற்று நீரும், பனையும், உழைப்பும் அன்றிப் பிறிதொரு வளமும் மிகுதியாகப் பெறாத இந்நிலத்திலே தொழில்கள் எழுந்த வரலாறும் வீழ்ந்த வரலாறும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கன.

1950 ஆம் ஆண்டில் உற்பத்தி தொடங்கி 1990 இல் ஓய்ந்துபோன காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை போன்ற அரசின் பெருந்தொழில்கள் ஈண்டு ஆராயப்படவில்லை. தோட்டக்காரன், சுருட்டுக் கொட்டிலை நடத்தியவன், பனங்கட்டி காய்ச்சும் குடும்பம், கடகம் இழைக்கும் பெண் ஆகியோரே இவ்வாராய்ச்சிக்கு உரியோர். இவர்களுக்குப் பொதுவான நலிவு ஒன்று உண்டு. பண்டத்தை ஆக்கும் திறமையில் இவர்கள் எவர்க்கும் பின்னிற்பவரல்லர். ஆக்கிய பண்டம் கைவிட்டுப் போகும் அந்த ஒரு கணத்திலேதான் இவர்கள் தோற்கின்றனர்.

புகையிலையின் கதை இதனை நன்கு விளக்கும். ஒல்லாந்தர் காலந்தொட்டே யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்குச் சென்றது. வெற்றிலையோடு மெல்லும் அவ்வகைப் புகையிலைக்கு மலையாள நாட்டில் இருந்த மதிப்பு சிறிதன்று; ‘ஜாப்பாணம்’ என்று திரிந்த வடிவில் நம் ஊர்ப் பெயரே அங்கு புகையிலையின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. ஓர் ஊரின் பெயர் அயல்நாட்டிலே தரத்தின் அடையாளமாகிவிடுவது விலை கொடுத்தும் வாங்கவொண்ணாத முதல். ஆயின் அம்முதலின் வட்டி தோட்டக்காரனைச் சென்றடையவில்லை. மாரி தொடங்கும்போது எருவுக்கும் குழைக்கும் கூலிக்கும் பணம் வேண்டும். அறுவடையோ பங்குனி, சித்திரையிலே. இடைப்பட்ட மாதங்களுக்குக் கடன் கொடுத்த வியாபாரியே அறுவடையின்போது விலை பேசவும் வந்தான். கடன்பட்டவன் காத்திருக்க இயலாதவன். காத்திருக்க இயலாதவனுக்குச் சந்தை என ஒன்று உண்மையில் இல்லை.

1934 ஆம் ஆண்டில் எழுந்த மலையாளப் புகையிலை விற்பனவுக் கூட்டுறவுச் சங்கம் இந்த இடத்திலேயே கைவைத்தது. உறுப்பினரின் புகையிலையை ஏற்று, தரம் பிரித்து, முற்பணம் கொடுத்து, கடல் கடந்து விற்று, மீதியைப் பகிர்ந்தளிப்பது விற்பனவுச் சங்கத்தின் முறை. இதிலே புதுமை எதுவும் இல்லை என்று தோன்றலாம். ஆயின் நுணுகி நோக்கின் மூன்று காரியங்கள் ஒரே செயலில் அடங்கியிருப்பது புலனாகும். முற்பணம் தோட்டக்காரனுக்குக் காத்திருக்கும் வலியைத் தந்தது. தரம் பிரித்தல் நல்ல இலையை நல்ல விலைக்கு உரியதாக்கியது. திரட்டி விற்றல் நூறு சிறியோரை ஒரு பெரியவனாக்கியது. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் கூட்டுறவு இயக்கத்தின் தலைவராயும் விளங்கிய வீ. வீரசிங்கம் போன்றோர் அவ்வியக்கத்துக்குத் தம் வாழ்நாளைக் கொடுத்தனர். யாழ்நகரிலுள்ள வீரசிங்கம் மண்டபம் அவர் பெயரை இன்றும் தாங்கி நிற்கின்றது. கணக்கு எழுதவும் கூட்டம் நடத்தவும் தெரிந்த ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் கிராமந்தோறும் இருந்தமையே இவ்வியக்கத்தின் மறைமுதல் எனலாம். கல்வி உத்தியோகத்துக்கே பயன்பட்டது என்று யாழ்ப்பாணத்தாரைப் பழிப்போர் இதனை மறந்துவிடுகின்றனர்.

சங்கத்தின் குறையையும் மறைத்தல் தகாது. ஒரே பண்டத்தை ஒரே சந்தைக்கு விற்றது அது. 1947 இன் பின்னர் இந்தியாவின் தீர்வையும் இறக்குமதிக் கட்டுப்பாடும் அச்சந்தையைப் படிப்படியாகச் சுருக்கியபோது, திறமையாய்த் தொழிற்பட்ட அமைப்புக்கும் போக்கிடம் அரிதாயிற்று. புகையிலை உடலுக்குக் கேடு என்பது ஐயமற நிறுவப்பட்டுள்ள இக்காலத்தில் அப்பயிரை மீட்க வேண்டும் என்பதும் ஈண்டுக் கருத்தன்று. அமைப்பின் உள்ளியக்கமே கருதத்தக்கது.

சுருட்டுத் தொழிலைப் பற்றிச் சிறிது கூறி அப்பாற் செல்லலாம். கொட்டிலிலே தொழிலாளர் சுருட்டுச் சுற்ற, ஒருவர் பத்திரிகையை உரக்க வாசிக்கும் வழக்கம் அத்தொழிலுக்குரிய இனிய மரபாகும். பள்ளி சென்றறியாதாரும் உலக நடப்பு அறிந்தது அதனாலேயாம். சுருட்டின் சந்தை தென்னிலங்கையிலே, யாழ்ப்பாணத்தார் நடத்திய கடைகளின் வழியே அமைந்திருந்தது. 1958, 1977, 1983 ஆம் ஆண்டுகளின் வன்செயல்களில் தமிழர் கடைகள் பல எரியுண்டபோது எரிந்தது கடைச் சரக்கு மட்டுமன்று. பல தலைமுறையாகக் கட்டப்பட்ட விற்பனைப் பாதையும் உடன் எரிந்தது. அதற்கு நட்டஈடு கணிக்கும் முறை எக்கணக்கு நூலிலும் இல்லை.

இனி, தடுப்பினால் வளர்ந்த தொழில்களை நோக்குவோம். 1970 தொடக்கம் 1977 வரை ஆட்சி செய்த சிறிமாவோ பண்டாரநாயக்கவின் அரசு, அந்நியச் செலாவணி நெருக்கடியின் காரணமாக இறக்குமதிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாயும் வெண்காயமும் உருளைக்கிழங்கும் பொன்விலை பெற்றன. வலிகாமத்துத் தோட்டங்கள் இரவும் பகலும் இறைப்பு இயந்திரத்தின் ஒலியால் நிறைந்தன, கல்வீடுகள் எழுந்தன. நாட்டின் வேறு பகுதியார் பாணுக்கு வரிசையில் நின்று சலித்த அவ்வாண்டுகளை யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் பொற்காலமென்று நினைவு கூர்வது வியப்பன்று. 1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தனாவின் அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது, விலை சரிந்தது, பொற்காலம் மறைந்தது. வழமையாக இவ்வரலாறு ஓர் அரசியற் குறையாகவே சொல்லப்படும். அஃது உண்மையின் ஒரு பாதியே. ஏழாண்டுகள் கிடைத்த மேலான விலையிலிருந்து சேமிப்புக் களஞ்சியம் எழுந்ததா, விதைத் தெரிவு சீர்பெற்றதா, தரக் குறியீடு ஒன்று தோன்றியதா என்னும் வினாக்கள் மற்றைப் பாதியைச் சேர்ந்தவை. செலவைக் குறைக்கும் முயற்சிக்கு உயர்ந்த விலை தூண்டுகோலாகாது. மதில் உயர்ந்திருக்குங் காலத்திலே வாசலைப் பற்றி எவரும் சிந்திப்பதில்லை.

இரண்டாவது மதில் கொடியது. 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடை சவர்க்காரம், மின்கலம், எரிபொருள், உரம், சீமெந்து முதலிய பலவற்றையும் குடாநாட்டுக்கு அரியனவாக்கியது. யாழ்ப்பாணத்தார் அக்காலத்திற் காட்டிய புத்திக்கூர்மை ஒரு தனி நூலுக்கு விடயமாகும். ஜாம் போத்தலிற் பஞ்சும் சிறிது மண்ணெண்ணெயும் இட்டு எரித்த சிக்கன விளக்கின் ஒளியிலே ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. வானொலி கேட்பதற்கு மிதிவண்டியின் மின்னாக்கி சுழன்றது. தேவை உள்ளவிடத்திற் புதிது புனையும் ஆற்றல் இம்மக்களுக்கு உண்டு என்பதற்கு வேறு சான்று வேண்டா. ஆயினும் 2002 இல் ஏ-9 பாதை திறந்ததும், பின்னர் 2009 இல் போர் ஓய்ந்ததும், தென்னிலங்கைப் பண்டங்கள் வந்து குவிந்தன. தடைக்காலத்தின் சிறு உற்பத்திகள் பெரும்பாலும் மறைந்தன. மிளகாய்க்கு நேர்ந்ததே இவற்றுக்கும் நேர்ந்தது. முன்னதை அரசின் கொள்கை காத்தது, பின்னதை முற்றுகை காத்தது என்பதே வேறுபாடு.

பனைத் தொழில் இவையெல்லாம் ஒருங்கு சேர்ந்த இடமாதலின் சற்று விரித்து ஆராயத்தக்கது. பனை தென்னை வளக் கூட்டுறவுச் சங்கங்கள் 1970 களின் முற்பகுதியில் தோன்றிக் கள் விற்பனையைத் தவறணைக் குத்தகைக்காரரிடமிருந்து தொழிலாளரிடம் மாற்றின. சாதியால் ஒடுக்கப்பட்டிருந்த ஒரு தொழிலாளர் குழாத்துக்கு அது வருமானத்தை மட்டுமன்றி நிமிர்ந்து நிற்கும் நிலையையும் அளித்தது. அவ்வளவில் அதன் பெருமை குறைவற்றது. 1978 இல் பனை அபிவிருத்திச் சபை நிறுவப்பட்டது. திக்கத்திலே வடிசாலை எழுந்தது. கைதடியில் ஆராய்ச்சி நிறுவனமும் உண்டு. ஆயின் சபை தோன்றிய ஐந்தாண்டுகளிற் போர் மூண்டது; மரங்கள் எறிகணைக்கும் பதுங்குகுழிக்கும் இரையாயின. இதனை மனத்திற்கொள்ளாது சபையைக் குறை கூறுவது நடுநிலையாகாது.

ஆயினும் ஒன்று கேட்கலாம். கள்ளுக்குச் சட்டம் விற்பனை உரிமையைத் தந்தது. பனங்கட்டிக்கு எது தந்தது? பனஞ்சாறு இறக்கிய சில மணி நேரத்திற் புளிக்கும். புளிக்காதிருக்கச் சுண்ணாம்பு தடவிய முட்டியில் ஏந்தினாற் கருப்பநீர். சுண்ணாம்பு மிஞ்சினாற் கட்டியின் சுவை கெடும். பதம் தவறினால் மாரிக்காலத்தில் இளகும். பருவமோ ஆண்டின் முற்பாதி மட்டும், விறகு விலையுடையது, மரமேறுவோர் தொகை ஆண்டுதோறும் அருகுகின்றது. இத்தனை இடரையும் கடந்து குட்டானில் அடைத்த நல்ல பனங்கட்டியும், சீனிப்பாகு கலந்து காய்ச்சிய போலிக் கட்டியும் கடைத் தட்டிலே அருகருகே இருக்கும். வாங்குவோனுக்கு வேறுபாடு தெரியாது. தெரியாதவிடத்து அவன் இரண்டுக்கும் போலியின் விலையையே கொடுப்பான். அப்பொழுது மெய்யான பனங்கட்டி காய்ச்சுபவன் தொழிலை விட்டுவிடுவான். போட்டியிற் சிறு தொழில் தோற்பது பெரும்பாலும் இவ்வாறே. அந்நியப் பண்டம் மேம்பட்டதாய் இருத்தல் வேண்டுமென்பதில்லை.

குசராத்திலுள்ள ஆனந்த் என்னும் ஊரின் அனுபவம் இவ்விடத்திற் பொருந்தும். பாலும் பனஞ்சாறு போலச் சில மணி நேரத்திற் கெடுவது. அங்கும் உற்பத்தியாளர் ஓரிரண்டு மாடு வைத்திருக்கும் ஏழைகள். 1946 இல் திரிபுவனதாஸ் பட்டேலின் தலைமையில் அமைந்த கைரா மாவட்டக் கூட்டுறவு ஒன்றியம், நாளுக்கு இருமுறை கிராமத்திலேயே பாலை ஏற்று, அதன் கொழுப்பை அளந்து, அளவுக்குத் தக்க விலை கொடுக்கும் முறையை வளர்த்தது. நீர் கலப்பவன் தண்டிக்கப்படுமுன் தானே நட்டப்பட்டான். பின்னாளில் அமுல் என்னும் ஒரே பெயர் அத்தனை குடிசைகளின் பாலுக்கும் பொதுப் பெயராயிற்று. அரசு கடன் கொடுத்ததும், அயல்நாட்டு இயந்திரம் வந்ததும் உண்மை. ஆயின் அளவுகோல் கிராமத்தை அடைந்ததே அடிப்படை. பனங்கட்டியின் ஈரப்பதனையும் சுண்ணாம்பையும் கலப்பையும் அளக்கும் வசதி ஆய்வுகூடத்தில் இருந்து பயனில்லை. விலை பேசப்படும் கொள்வனவு நிலையத்திலே அது இருத்தல் வேண்டும்.

போருக்குப் பின்னர் மிகுதியாக வழங்கப்பட்ட உதவி கடனும் பயிற்சியுமாகும். கணவனை இழந்த பெண்களுக்கு நுண்கடன் நிறுவனங்கள் வீட்டு வாசலுக்கே வந்து கடன் கொடுத்தன; கிழமைதோறும் வந்து அறவிட்டன. கோழி முட்டையிடுமுன்னரே தவணை வந்தது. ஒருத்தியின் கடனுக்கு அயலவர் பொறுப்பாளராயினர். ஒரு கடனைத் தீர்க்க மற்றொரு கடன் பெறப்பட்டது. 2018 இல் அரசே தலையிட்டு, வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்குட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவும், ஆண்டு வட்டிக்கு 35 வீத எல்லை விதிக்கவும் நேர்ந்தது. எல்லையே 35 வீதமெனின் எல்லைக்கு முன் இருந்த நிலை சொல்லாமலே விளங்கும். எந்தக் கைத்தொழில் அவ்வளவு இலாபம் தரும்? 1934 ஆம் ஆண்டுச் சங்கத்தின் முற்பணமும் கடனே. ஆயின் அது விற்கப்போகும் பண்டத்தின் மீது கொடுக்கப்பட்டது, விற்பவரே கொடுத்தனர். சந்தையோடு தொடர்பில்லாத கடன் தொழிலுக்கு முதலாவதில்லை.

புலம்பெயர்ந்தோர் வாழும் ரொறன்ரோவும் இலண்டனும் பாரிசும் இன்று பனங்கட்டிக்கும் ஒடியல் மாவுக்கும் சந்தையாயுள்ளன. திருவிதாங்கூர் போலவே இதுவும் பெயருக்கு மதிப்புக் கொடுக்கும் சந்தை. ஊர் நினைவோடு வாங்கும் முதற்றலைமுறை முதுமையடைகின்றது. அவர்தம் பேரப்பிள்ளைகள் நினைவுக்காக அன்றித் தரத்துக்காகவே வாங்குவர். இலங்கைக் கறுவா 2022 இல் ஐரோப்பிய ஒன்றியத்திலே புவிசார் குறியீட்டுப் பாதுகாப்புப் பெற்றது. கடலுக்கு அப்பால் உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023 இல் இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெறுவதற்கு எல்லை வகுத்து, செய்முறை எழுதி, சோதிப்போரை நியமித்து, மீறுவோரை விலக்க ஒரு சங்கம் முன்வரல் வேண்டும். யாழ்ப்பாணப் பனங்கட்டி காய்ச்சுவோருள் எவர் அவ்வெல்லைக்குள் வருவர், சீனி கலப்பவரை விலக்கும் அதிகாரம் கூட்டுறவுச் சங்கங்களுக்கா பனை அபிவிருத்திச் சபைக்கா உரியது என்பவை முதலில் தீர்க்கப்பட வேண்டியவை.