மாலின் 1: மங்கலான பேருருவம்

கோமா பெரெனிசீஸ் விண்மீன் குழுவின் திசையில் ஏறத்தாழ 120 கோடி ஒளியாண்டுத் தொலைவில் உள்ள மாலின் 1 என்னும் சுருள் விண்மீன் மண்டலம், சுமார் 6,50,000 ஒளியாண்டுக் குறுக்களவுடன் பால்வழியைப் பன்மடங்கு விஞ்சி நின்றும், 1986 வரை இனங்காணப்படாமல் இருந்தது. அதன் வட்டின் மேற்பரப்பு ஒளிர்வு, அதாவது வானின் ஒரு குறிப்பிட்ட பரப்பிலிருந்து வந்துசேரும் ஒளியின் அளவு, இரவு வானத்தின் இயல்பான மெல்லொளியைவிடவும் குறைவு என்பதே காரணம்.

அதை வெளிக்கொணர்ந்த வானியல் ஒளிப்பட வல்லுநர் டேவிட் மாலினின் கைத்திறன் வியந்து போற்றத்தக்கது. ஒளிப்படத் தகட்டில் மிக மங்கலான ஒளியின் பதிவு வேதிப்பூச்சின் மேற்புறத்திலேயே தங்குகிறது என்பதை உணர்ந்த அவர், பரவிய ஒளியைக் கொண்டு அந்த மேலடுக்கை மட்டும் கூர்மையான மாறுபாட்டுடன் படியெடுக்கும் முறையை வகுத்து, தகட்டில் புதைந்திருந்ததைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். கன்னி விண்மீன் மண்டலக் கொத்தை ஆராய்ந்தபோது கிடைத்த இம்மண்டலம் அக்கொத்துக்கு வெகு அப்பால் இருப்பதை, விண்வெளி விரிவதால் ஒளியின் அலைநீளம் நீளும் செம்பெயர்ச்சி சுமார் 8 விழுக்காடாக அமைந்தது உறுதிப்படுத்தியது.

சூரியனைப்போல் பல ஆயிரம் கோடி மடங்கு நிறையுள்ள ஹைட்ரஜன் வாயு அதில் இருந்தும், அது மிக மெல்லிதாகப் பரவியிருப்பதால் விண்மீன்கள் மெதுவாகவே பிறக்கின்றன. அகன்ற சுருள்கரங்களின் நுட்பமான அமைப்பைச் சிலியின் 6.5 மீட்டர் மெகல்லன் தொலைநோக்கி எடுத்து 2015இல் வெளியான படங்கள் தெளிவாகக் காட்டின.