மெயின்பிரேம் தொகுதிப் பணிகளில் இடையக ஒதுக்கீடு: ஒரு திறனாய்வு

நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம் வட்டத்தில், கொல்லிமலைக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள பேரூராட்சி காளப்பநாயக்கன்பட்டி. மலையில் விளையும் மிளகு, காபி, அன்னாசி, பலா ஆகியவை இந்தப் பக்கம் வந்து சேர வேண்டுமானால் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்க வேண்டும். ஒரே ஒரு பலாப்பழத்துக்காக ஒரு வண்டியை மலையிலிருந்து இறக்கி, மீண்டும் ஏற்றி, அடுத்த பழத்தைக் கொண்டுவர எவரும் முனைய மாட்டார்கள். சரக்கு சேரும்; சேர்ந்த பிறகே வண்டி கிளம்பும். மலையடிவாரத்தில் எவருக்கும் சொல்லித்தர வேண்டியிராத இந்தக் கணக்கைத்தான் மெயின்பிரேம் கணினிகளில் இரவு நேரத்தில் ஓடும் தொகுதிப் பணிகள் பலவும் இன்றுவரை மீறிக்கொண்டிருக்கின்றன.

வட்டிலிருந்து படித்த தரவைச் செயல்நிரல் கேட்கும் வரை நினைவகத்தில் வைத்திருக்கும் இடமே இடையகம். இடையகங்கள் போதுமான அளவில் இருந்தால், ஒரே பயணத்தில் பல தரவுக் கட்டுகள் வந்து சேரும். நிரல் ஒன்றைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே அடுத்தவை வந்துகொண்டிருக்கும். போதாவிட்டால் நிரல் ஒவ்வொரு கட்டுக்கும் வட்டின் வாசலில் காத்து நிற்கும்.

இரண்டு என்ற எண்

சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் ஐபிஎம் 370/155 கணினி 1973இல் நிறுவப்பட்டது. துளை அட்டைகளில் நிரலைக் கொடுத்துவிட்டு விடைத்தாளுக்காகக் காத்திருந்த காலம் அது. அந்த வகைக் கணினியில் பொருத்தக்கூடிய முதன்மை நினைவகத்தின் உச்ச அளவே 2 மெகாபைட்தான். அதையும் பல பணிகள் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஏறத்தாழ அதே காலத்தில் ஐபிஎம் அறிமுகப்படுத்திய விசாம் கோப்பு முறை, நிரலர் எதுவும் சொல்லாவிட்டால் தரவுக்கு 2 இடையகங்களையும் இன்டெக்ஸுக்கு 1 இடையகத்தையும் மட்டுமே ஒதுக்கியது. அன்றைய நிலையில் அது கஞ்சத்தனம் அல்ல, நியாயமான சிக்கனம்.

இன்று மெயின்பிரேம்களின் நினைவகம் டெராபைட் அளவை எட்டிவிட்டது. ஆனால் வழக்கமான விசாம் கோப்புகளுக்கு அந்த 2 அப்படியே நிற்கிறது. அந்த இரண்டிலும் ஒன்று, கட்டு நிறைந்து பிளக்க வேண்டிய தருணத்துக்காக ஒதுக்கி வைக்கப்படுகிறது. எனவே படிப்பதற்கு உண்மையில் எஞ்சுவது ஒன்றுதான். பழைய பணிகள் பாதிக்கப்படக் கூடாது என்பது ஐபிஎம்மின் நெடுநாள் கொள்கை, அதை மதிக்கலாம். ஆனால் பேசாமல் இருப்பவருக்கு மிக மோசமான பங்கைக் கொடுக்கும் இயல்பமைப்பை அரை நூற்றாண்டாகக் காப்பாற்றி வருவதைப் பாராட்ட முடியாது.

இதன் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 200 பைட் நீளமுள்ள 10 லட்சம் பதிவுகள், 4,096 பைட் கட்டுகளில் கட்டுக்கு 20 வீதம் இருப்பதாகக் கொண்டால் 50,000 கட்டுகள் ஆகும். இயல்பமைப்பில் முதலிலிருந்து கடைசி வரை படிக்க 50,000 முறை வட்டுக்குச் செல்ல வேண்டும். 3390 வகை வட்டில் ஒரு தடத்தில் இத்தகைய கட்டுகள் 12 அடங்கும். ஜேசிஎல்லில் அந்தக் கோப்புக்குரிய வரியில் தரவு இடையகம் 25 என்று எழுதினால், பாதி நிறையும்போது மறுபாதி பயன்பட, ஒரு தடம் ஒரு பயணத்தில் வரும். பயணங்கள் சுமார் 4,200 ஆகக் குறையும். செலவு 100 கிலோபைட் நினைவகம். ஒரு கைப்பேசிப் படத்துக்கும் போதாத இடம்.

இப்போதைய சேமிப்புக் கருவிகளில் பெரிய தற்காலிக நினைவகம் இருப்பதால் இவையெல்லாம் பழங்கதை என்ற வாதம் உண்டு. பாதி உண்மை. வட்டின் கை நகரும் நேரம் மிச்சமாவது சரி. ஆனால் ஒவ்வொரு பயணத்தையும் தொடங்கவும் முடித்துவைக்கவும் செலவாகும் செயலி நேரம் மிச்சமாவதில்லை. மெயின்பிரேமில் மென்பொருள் கட்டணமே பெரும்பாலும் செயலிப் பயன்பாட்டை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது.

'கூட்டினால் போதும்' என்ற நம்பிக்கை

நாமக்கல், சேலம் பகுதிப் பொறியியல் கல்லூரிகளிலிருந்து சென்னைக்குச் சென்று மென்பொருள் நிறுவனங்களில் சேரும் இளைஞர்களில் மெயின்பிரேம் பிரிவுக்கு அனுப்பப்படுவோர் உண்டு. 2000ஆம் ஆண்டுச் சிக்கலின்போது கோபோல் நிரல்களைத் திருத்தும் வேலை இந்தியாவுக்குப் பெருமளவில் வந்ததிலிருந்து தொடரும் வழி இது. அவர்களுக்குக் கிடைக்கும் குறுகிய காலப் பயிற்சியில் ஜேசிஎல்லின் எழுத்திலக்கணம் கிடைக்கிறது. கோப்பு எவ்வாறு படிக்கப்படுகிறது என்ற பொருளிலக்கணம் கிடைப்பது அரிது. அதனால் இடையகம் பற்றிய அறிவு, மூத்தவர் ஒருவரின் பழைய பணியிலிருந்து நகலெடுத்த ஓர் எண்ணாகவே கைமாறுகிறது. அந்த எண் எந்தக் கோப்புக்காக எழுதப்பட்டது என்று எவரும் கேட்பதில்லை.

இங்கேதான் உண்மையான தவறு நேர்கிறது. வரிசையாகப் படிப்பதற்குப் பொருந்தும் மருந்து, தாறுமாறாகத் தேடிப் படிப்பதற்குப் பொருந்தாது. விசாமின் வழக்கமான முறையில் திறவுகோலை வைத்து இங்கொன்றும் அங்கொன்றுமாகப் படிக்கும் நிரலுக்குத் தரவு இடையகம் 2 ஆனாலும் 200 ஆனாலும் பயன் ஒன்றே. முன்பு படித்த கட்டைத் தேடிப் பார்க்கும் வழக்கம் அந்த முறைக்கு இல்லை. மூன்றடுக்கு இன்டெக்ஸ் உள்ள கோப்பில் 1 லட்சம் தேடல்கள் நடந்தால், ஒவ்வொன்றுக்கும் இன்டெக்ஸில் 3, தரவில் 1 என 4 லட்சம் பயணங்கள் வரை ஆகலாம். மேலடுக்குகள் முழுவதும் நினைவகத்தில் தங்கும் அளவுக்கு இன்டெக்ஸ் இடையகத்தைக் கூட்டினாலே அது 2 லட்சமாகும். தரவு இடையகத்தை மட்டும் கூட்டிவிட்டுப் பலனில்லை என்று கைகழுவியவர்கள் தொட்ட இடம் தவறு.

எல்எஸ்ஆர் எனப்படும் பொது இடையகக் குளம் இதற்கு நேர்மாறு. அது படித்த கட்டுகளை வைத்துக்கொண்டு, மீண்டும் கேட்கும்போது வட்டுக்குப் போகாமல் கொடுக்கும். நிரலைத் தொடாமலே, ஜேசிஎல் வரியை மாற்றித் தொகுதிப் பணிக்கும் அந்த வசதியைத் தரும் பிஎல்எஸ்ஆர் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இந்த முறையில் முன்கூட்டியே படித்து வைத்தல் கிடையாது. வரிசையாகப் படிக்கும் பணிக்கு அதை மாட்டிவிட்டால், இருந்த வேகமும் போகும்.

கணினியே முடிவெடுக்கட்டும் என்ற நோக்கில் வந்தது எஸ்எம்பி. நீட்டிப்பு வடிவக் கோப்புகளுக்கு இது இயங்கும். இதன் குறை, தானாக முடிவெடுக்க விடும்போது கோப்பைத் திறக்கையில் நிரல் தன்னைப் பற்றி என்ன சொல்கிறதோ அதை நம்புவது. பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று இருவகை அணுகலையும் அறிவித்துவிட்டு, உள்ளே வரிசையாக மட்டுமே படிக்கும் கோபோல் நிரல்கள் ஏராளம். அங்கே கணினியின் ஊகம் பிசகும். அத்தகைய பணிகளில் எந்தச் சாய்வு வேண்டும் என்பதை ஜேசிஎல்லில் வெளிப்படையாக எழுதுவதே நல்லது.

வரிசைக் கோப்புகளில் சிக்கல் வேறு. 80 பைட் பதிவுகளைத் தனித்தனியாக எழுதினால் 3390 தடம் ஒன்றில் 78 பதிவுகளே அடங்கும்; 27,920 பைட் தொகுப்புகளாக எழுதினால் 698. தொகுப்பளவைச் சுழியமாக விட்டால் கணினியே சரியான அளவைத் தேர்ந்துகொள்ளும். ஆனாலும் எண்பதுகளில் எழுதிய 800 என்ற அளவை இன்றும் பூசை செய்வோர் இருக்கிறார்கள்.

இடையகம் தீர்க்காதவை

எழுதும் பணிகளில் ஓர் ஆபத்து உண்டு. எல்எஸ்ஆர் குளத்தில் எழுத்தைத் தள்ளிப்போடும் வசதியை இயக்கினால், மாற்றப்பட்ட கட்டுகள் இடம் தேவைப்படும் வரை வட்டுக்குப் போகாமல் நினைவகத்திலேயே இருக்கும். வேகம் கூடும். நள்ளிரவில் பணி முறிந்தால், எந்தக் கணக்கு வட்டில் ஏறியது, எது ஏறவில்லை என்று தெரியாத நிலை வரும். வட்டி கணக்கிடும் பணி ஒன்று இப்படி நடுவில் நின்று, மறுபடி நின்ற இடத்திலிருந்து தொடங்கினால் சிலருக்கு வட்டி விடுபடும். தொடக்கநிலை நகலிலிருந்து முழுப் பணியையும் மீண்டும் ஓட்டும் ஏற்பாடு இல்லாத இடத்தில் இந்த வசதியைத் தொடக்கூடாது. வேகம் பற்றிய பயிற்சிக் குறிப்புகள் இதை ஓர் அடிக்குறிப்பாகக்கூடச் சொல்லாமல் விடுவது பொறுப்பற்ற செயல்.

இன்னொன்று: தேடல்களை நிரலுக்குக் கொடுக்கும் முன் திறவுகோல் வரிசையில் அடுக்கிவிட்டால், தாறுமாறான படிப்பு ஏறக்குறைய வரிசைப் படிப்பாக மாறிவிடும். காந்த நாடாக் காலத்து நிரலர்களுக்கு வேறு வழியே இல்லாததால் தெரிந்திருந்த உத்தி இது. பல பணிகளில் எந்த இடையக மாற்றத்தையும் விட இதுவே அதிகம் பலன் தரும். பகிர்வு விருப்பம் 4 என வரையறுத்த கோப்புகளுக்கு இது இன்னும் முக்கியம்: அங்கே ஒவ்வொரு நேரடித் தேடலுக்கும் இடையகம் புதுப்பிக்கப்படுவதால், எவ்வளவு பெரிய குளம் கட்டினாலும் அதில் நீர் தங்காது.