ஒரு நாடகமும் மூன்று வாசகர்களும்

ஒரே நூலை ஒருவர் நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். மற்றொருவர் பத்துப் பக்கங்களுக்கு மேல் செல்ல இயலாமல் மூடி வைக்கிறார். புதிதாக வெளிவந்த நூலைப் பற்றி இத்தகைய வேறுபாடு எழுந்தால் நாம் வியப்பதில்லை. காலம் தேர்ந்து நம் கையில் தந்திருக்கும் பேரிலக்கியங்களைப் பற்றியும் அதே வேறுபாடு எழும்போதுதான் திகைக்கிறோம். வெறுப்பவரைச் சுவையறியாதவர் என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால், வெறுப்பவர் லியோ டால்ஸ்டாயாகவும் வெறுக்கப்படுபவர் ஷேக்ஸ்பியராகவும் இருந்தால் என்ன சொல்வது?

1906ஆம் ஆண்டில் டால்ஸ்டாய் ஷேக்ஸ்பியரைப் பற்றி நீண்டதொரு கட்டுரையை வெளியிட்டார். அந்த நாடகங்கள் தமக்குச் சலிப்பையும் அருவருப்பையுமே தந்தன என்று அதில் ஒளிவுமறைவின்றி எழுதினார். இது அவசரத் தீர்ப்பு என்று எவரும் கூற முடியாது. ருஷ்ய மொழியிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மன் மொழிபெயர்ப்பிலும் 50 ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் படித்துப் பார்த்தவர் அவர். 75ஆம் வயதில் மீண்டும் ஒருமுறை அனைத்தையும் படித்துத் தம் கருத்தைச் சோதித்தார், கருத்து மாறவில்லை. தம் வழக்கை நிறுவ அவர் எடுத்துக்கொண்ட நாடகம் 'லியர் மன்னன்'.

கதையை வாசகர் அறிவர். 80 வயதைக் கடந்த மன்னன் தன் மூன்று புதல்வியரின் அன்பைச் சொற்களால் அளந்து நாட்டைப் பங்கிட முனைகிறான். முகத்துதி கூற மறுத்த இளையவள் கார்டீலியா வெறுங்கையோடு அனுப்பப்படுகிறாள். இனிக்கப் பேசிய மூத்த மகளிர் இருவரும் தந்தையைப் புயலிரவில் வெளியே தவிக்க விடுகின்றனர். தந்தையை மீட்க வரும் கார்டீலியா சிறையில் தூக்கிலிடப்படுகிறாள். அவளுடைய உடலைக் கைகளில் ஏந்தியவாறு வரும் லியர் அங்கேயே உயிர் துறக்கிறான்.

டால்ஸ்டாயின் குற்றச்சாட்டுகள் அற்பமானவை அல்ல. மாந்தர் அனைவரும் ஒரே விதமான ஆரவார மொழியில் பேசுகின்றனர். மன்னனின் முதல் செயலுக்கே தக்க காரணம் இல்லை. விதூஷகனின் வேடிக்கைகள் சலிப்பூட்டுகின்றன என்பன அவர் வாதம். ஷேக்ஸ்பியருக்கு முன்னரே வழங்கிய பழைய லியர் நாடகம் ஒன்று உண்டு. அதில் மனைவியை இழந்த மன்னன் தன் ஆன்ம நலனைக் கருதி அரசைத் துறக்க நினைக்கிறான். முடிவில் அவன் தன் அரியணையைத் திரும்பப் பெறுகிறான். அதுவே இயல்பானது, மேலானது என்றார் டால்ஸ்டாய். ஷேக்ஸ்பியரின் புகழ் ஜெர்மன் அறிஞர்களால் பரப்பப்பட்ட ஒருவகைத் தொற்று என்பதும் அவர் முடிவு.

இத்தீர்ப்பின் வேர் அவரது கலைக் கொள்கையில் இருக்கிறது. 1898இல் வெளிவந்த 'கலை என்றால் என்ன?' என்னும் நூலில், எளிய மக்களுக்கும் விளங்கி, மனிதரைச் சகோதர உணர்வில் இணைப்பதே நற்கலை என்று அவர் வரையறுத்தார். அந்தத் தராசில் பேத்தோவனின் ஒன்பதாம் சிம்பொனியும் தேறவில்லை. தம் சொந்தப் படைப்புகளில் இரண்டு சிறுகதைகளை மட்டும் விட்டுவிட்டு, ஏனையவற்றை அவரே ஒதுக்கினார். தம் பெருநாவல்களையே விலக்கத் துணிந்தவரின் நேர்மையை நாம் ஐயுற வேண்டியதில்லை.

இதே நாடகத்தின் முன் தடுமாறிய இன்னொருவர் சாமுவேல் ஜான்சன். அவர் ஷேக்ஸ்பியரைப் போற்றியவர். 1765இல் அவருடைய நாடகங்களைப் பதிப்பித்தவர். ஆழ்ந்த கிறிஸ்தவ நம்பிக்கை கொண்டவர். கார்டீலியாவின் சாவு அவரை நிலைகுலையச் செய்தது. பதிப்பாசிரியராகப் பொறுப்பேற்கும் வரையில் அந்த இறுதிக் காட்சிகளை மறுபடியும் படிக்கத் தாம் துணிந்ததாகவே நினைவில்லை என்று அவர் குறித்திருக்கிறார். அவர் மட்டும் அல்லர். 1681இல் நேஹம் டேட் என்பவர் இந்நாடகத்தைத் திருத்தி எழுதினார். அதில் லியர் பிழைக்கிறான். கார்டீலியா எட்கரை மணக்கிறாள். விதூஷகன் காணாமற் போகிறான். ஏறத்தாழ 150 ஆண்டுகள் ஆங்கில மேடையை ஆண்டது இந்தத் திருத்தமே. 1838இல்தான் மெக்ரெடி என்னும் நடிகர் விதூஷகனை உள்ளடக்கிய மூல நாடகத்தை மேடைக்கு மீட்டார். தலைமுறை தலைமுறையாக மக்கள் லியரை நேசித்தனர். ஆனால் அவன் அடைந்த முடிவைச் சகிக்கவில்லை.

மூன்றாம் வாசகர் ஜார்ஜ் ஆர்வெல். 1947இல் டால்ஸ்டாய்க்கு மறுமொழியாக ஒரு கட்டுரை எழுதினார். மற்ற நாடகங்களை விட்டுவிட்டு டால்ஸ்டாய் ஏன் லியரைக் குறிவைத்தார் என்பதே அவர் கேள்வி. செல்வத்தையும் நூலுரிமையையும் துறந்து, அத்துறவினால் இன்பம் வாய்க்கும் என்று எதிர்பார்த்து, இல்லத்தில் பூசலையே கண்ட முதியவர் டால்ஸ்டாய். அந்தக் கட்டுரை வெளிவந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர், 1910இல், 82 வயதில் அவர் இரவோடிரவாக வீட்டை விட்டு வெளியேறினார். அஸ்தபோவோ என்னும் சிறு ரயில் நிலையத்தில், நிலைய அதிகாரியின் இல்லத்தில் உயிர் நீத்தார். அன்புள்ள மகள் ஒருத்தி உடனிருந்தாள். தம் கதையையே லியரில் கண்டதால், தம்மையறியாமலே அதை வெறுத்தார் என்பது ஆர்வெலின் ஊகம்.

இந்த ஊகம் கூர்மையானது. ஆயினும் அதில் ஓர் இடர் உண்டு. வெறுப்புக்கு வாழ்க்கையில் காரணம் கண்டுவிட்டால், வாதத்துக்கு விடை கூறியதாகிவிடுமா? வெறுப்பவரின் வாழ்வைத் துருவினால், போற்றுபவரின் வாழ்வையும் துருவத்தானே வேண்டும்? இருபது வயதில் லியரைப் பிடிவாதக் கிழவன் என்று நகைத்தவர், பிள்ளைகளுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தபின் படித்தால் விம்மக்கூடும். இரு வாசிப்புகளிலும் வாழ்க்கை கலந்தே இருக்கிறது. அதனால் இரண்டுமே பொய்யாகிவிடா.

இதனினும் கவனிக்கத்தக்கது மற்றொன்று. எதிரெதிரே நிற்கும் டால்ஸ்டாயும் ஆர்வெலும் ஓரிடத்தில் ஒன்றுபடுகின்றனர். ஆழ்ந்த சமய நோக்கை அளிக்காத நாடகத்தை ஏற்க இயலாது என்கிறார் முன்னவர். துன்பியல் உணர்வும் இறைநம்பிக்கையும் ஒன்றோடொன்று பொருந்துமா என்பதே ஐயம் என்கிறார் பின்னவர். ஒருவர் நாடகத்தை விலக்குகிறார், மற்றவர் நம்பிக்கையை விலக்குகிறார். இரண்டும் ஒருங்கே இருத்தல் அரிது என்பது இருவர்க்கும் உடன்பாடு. நம்பிக்கையாளராகிய நாம் நின்று சிந்திக்க வேண்டிய இடம் இதுவே.

ஜான்சனை மீண்டும் நோக்குவோம். இறைநீதியில் நம்பிக்கை கொண்டிருந்தமையாலேயே கார்டீலியாவின் சாவு அவரை அவ்வளவு ஆழமாகத் தாக்கியது. நீதியை எதிர்பாராத உள்ளத்துக்கு அநீதி அதிர்ச்சி தராது. டேட் எழுதிய இனிய முடிவை விரும்பியதில் அவர் தவறியிருக்கலாம். ஆனால் நாடகத்தின் முழு வலியையும் உணர்ந்தவர் அவரே. நம்பிக்கை துன்பத்தின் முனையை மழுக்கிவிடுவதில்லை. மகனின் உடலை மடியில் தாங்கிய வியாகுல அன்னையின் உருவத்துக்கு முன் மண்டியிடும் நாம், உயிர்ப்பு ஞாயிறு வரும் என்று அறிந்திருந்தும் அந்தத் துயரைக் கடந்து விரைவதில்லை. மகளின் உடலைத் தாங்கிய லியருக்கு அப்படியொரு விடியலை நாடகம் காட்டவில்லை. காட்டாததனால் அது நம்பிக்கைக்குப் பகையாகிவிடாது. நம்பிக்கை எதற்கு விடையாக வந்ததோ, அந்தக் கேள்வியை அது மறைக்காமல் கேட்கிறது.

ஆகவே, புகழ்பெற்ற நூலொன்று நமக்குப் பிடிக்கவில்லையெனில் நாணவும் வேண்டாம், பிறர் போற்றுகின்றனர் என்பதற்காகப் பொய்யாகத் தலையசைக்கவும் வேண்டாம். நூலில் நாம் எதைத் தேடினோம், அது எதைத் தர முன்வந்தது, நம் வாழ்வின் எந்த இடத்தை அது தொட்டது என்று கேட்டுப் பார்ப்போம். சலிப்பு மட்டுமே எஞ்சினால் நூலைத் தயங்காது மூடி வைக்கலாம். சினம் எழுந்தால் மட்டும் அதை அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளிவிடாதிருப்போம்; சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் எடுத்துப் படிப்போம். டால்ஸ்டாய் தாம் வெறுத்த நூல்களை 50 ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படித்தார். நேசிக்கும் நூல்களுக்குக்கூட அத்தனை பொறுமையை நம்மில் எத்தனை பேர் அளிக்கிறோம்?