மனம் அமர மருந்து: சித்த மரபின் வழிகளும் அளவுகோல்களும்

நெஞ்சு படபடக்கிறது, காரணமில்லாமல் பயம் வருகிறது, படுத்தால் உறக்கம் இல்லை என்று சொல்லி வருகிறவர்களில் பலர், இப்போதெல்லாம் மருந்துப் புட்டியைக் கையிலேயே கொண்டு வருகிறார்கள். அதில் அசுவகந்தா என்று எழுதியிருக்கும். நம் ஊர்ப் பெயர் அமுக்கரா. பெயர் சரிதான். ஆனால் வேரா, இலையா, பாலில் அவித்ததா, எந்த உடலுக்கு எத்தனை நாள் என்ற கேள்விகளுக்குப் பல புட்டிகளில் பதில் இல்லை. சித்த மரபு இந்தக் கேள்விகளைத்தான் மருந்து என்று எண்ணியது. மூலிகையின் பெயர் அதற்குத் தொடக்கம் மட்டுமே.

இந்த மரபுக்குள் பல வழிகள் உண்டு. முதலாவது ஏட்டு வழி. அகத்தியர் பெயரில் வழங்கும் கிரிகை நூல் மனநோய்களைப் பதினெட்டாக வகுத்தது. ஏட்டு வழி மருத்துவர் நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், சிறுநீர், தொடு உணர்வு என எட்டையும் பார்த்த பிறகே மருந்துக்குப் போவார். ஒரே பயம் வாதம் மிகுந்தவரிடம் நடுக்கமாகவும், பித்தம் மிகுந்தவரிடம் எரிச்சலும் கொதிப்புமாகவும் நிற்கும். முன்னவருக்கு அமுக்கரா பொருந்தும். பின்னவருக்கு வெண்பூசணியைத் தேடுவார்கள். இரண்டாவது, குமரி மாவட்டத்து வர்ம ஆசான்களின் வழி. இங்கே எண்ணெயும் தடவலும் முன்னே நிற்கும், உள்மருந்து பின்னே வரும். மூன்றாவது வீட்டு வழி: சனிக்கிழமை எண்ணெய்க் குளியல், வல்லாரைத் துவையல், படுக்கப் போகுமுன் சாதிக்காய் இழைத்த பால். பாளையங்கோட்டையில் 1964-இல் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும், தாம்பரத்தில் 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் வந்தபின், இவ்வழிகள் ஒரே பாடத்திட்டத்துக்குள் வந்து சேர்ந்தன.

மரபின் அளவுகோல் எத்தனை நுட்பமானது என்பதற்கு அமுக்கராச் சூரணம் ஒன்றே போதும். கிராம்பு 1 பங்கு, சிறுநாகப்பூ 2, ஏலம் 4, மிளகு 8, திப்பிலி 16, சுக்கு 32, அமுக்கரா 64, சர்க்கரை 128. ஒவ்வொன்றும் முந்தையதைப் போல் இருமடங்கு. மனப்பாடம் செய்யவும் எளிது, கலப்படக்காரனைப் பிடிக்கவும் எளிது. அமுக்கராவின் வேர்க்கிழங்கை அப்படியே இடித்துப் போட மாட்டார்கள். பாலும் நீரும் சமமாக விட்ட பானையின் வாயைத் துணியால் வேடுகட்டி, அதன்மேல் அமுக்கராப் பொடியை வைத்துப் பிட்டுப்போல் அவித்து, உலர்த்தி, மறுபடி இடித்துச் சலிப்பார்கள். சூரணத்தின் ஆயுள் மூன்று மாதம் என்று வரையறையும் வைத்தார்கள். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரையைத் தவிர்த்த எல்லாச் சரக்கும் சேர்ந்தே 127 பங்குதான். பாதிக்குமேல் சர்க்கரை. நீரிழிவு உள்ளவருக்கு இதைச் சொல்லாமல் கொடுப்பது தவறு.

அடுத்த அளவுகோல் சரக்கின் அடையாளம். இதில்தான் நாம் அதிகம் தவறுகிறோம். தமிழில் வல்லாரை வேறு, நீர்ப்பிரமி வேறு, குடும்பமே வேறு. வடநாட்டில் பல இடங்களில் வல்லாரையையே பிராமி என்பார்கள். கேரளத்தில் பிரமி என்றால் நீர்ப்பிரமி. எங்கிருந்து சரக்கு வருகிறது என்பதைப் பொறுத்து, மனத்துக்கான மருந்தாகிய பிரமி நெய்யின் உள்ளடக்கமே மாறிவிடும். மன அமைதிக்குத் தேடப்படும் மற்றொரு சரக்கான சடாமாஞ்சிலின் நிலை இன்னும் மோசம். இமயமலைச் சரிவில் வளரும் அச்செடி அழிவின் விளிம்பில் இருக்கிறது. அருகிய சரக்கில் போலி நுழையாமல் இருக்காது.

இன்றைய ஆய்வையும் ஒதுக்க முடியாது. 2012-இல் வெளியான ஐதராபாத் ஆய்வில் 64 பேரில் ஒரு பகுதியினர் நாளொன்றுக்கு 600 மில்லிகிராம் அமுக்கரா வேர்ச்சாரத்தை 60 நாள் உட்கொண்டனர். அவர்களுக்கு மன அழுத்த அளவும், இரத்தத்தில் மன அழுத்தச் சுரப்பான கார்டிசோலும் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவு, ஆனால் சிறிய ஆய்வு. மேலும் அங்கே கொடுத்தது செறிவூட்டிய சாரம், நம் சூரணம் அல்ல. ஒன்றின் சான்றை மற்றொன்றின் அட்டையில் ஒட்டுவதை நான் ஏற்கவில்லை. சாரங்களை உட்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதித்ததும் பதிவாகியிருக்கிறது. தைராய்டு மாத்திரையோ தூக்க மாத்திரையோ உட்கொள்பவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் அமுக்கராவைத் தொடக்கூடாது. இலையைத் தவிர்த்து வேரையே பயன்படுத்த வேண்டுமென்று ஆயுஷ் அமைச்சகம் 2021-இல் அறிவுறுத்தியது. சூரணத்துக்குக் கிழங்கைக் கேட்ட நம் மரபுக்கு இது புதிதல்ல.

மார்கழி ஆயில்யத்தில் சித்த மருத்துவ நாள் கொண்டாடும் மருத்துவ நண்பர்களே, மருந்து செய்வோரே, அட்டையில் தாவரப் பெயர், பயன்படுத்திய உறுப்பு, சுத்தி முறை (சரக்கைத் தூய்மைப்படுத்திய விதம்), செய்த நாள் ஆகிய நான்கையும் எழுதுங்கள். வாசகர்களே, எழுதாத புட்டியை வாங்காதீர்கள். உட்கொண்டுவரும் ஆங்கில மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் அதை மறைக்கவும் வேண்டாம். பயம் உயிரை வெறுக்கும் அளவுக்குப் போனால் எந்தச் சூரணத்துக்கும் காத்திருக்க வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணை உடனே அழையுங்கள்.