பெயர் முந்தியது, சோதனை பிந்தியது

திரையில் ஒரு பெண் தோன்றுகிறாள். ஒலிவாங்கிக்கு அருகே வாயை வைத்துக் கிசுகிசுவெனப் பேசுகிறாள். பிறகு ஒரு சீப்பின் பற்களை நகத்தால் மெல்ல வருடுகிறாள்; தாளை மடிக்கிறாள்; துண்டுகளை அடுக்குகிறாள். கதையும் இல்லை, பாட்டும் இல்லை. அரை மணி நேரம் இதுவே நடக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு இதைக் கேட்பவர்களுள் சிலருக்கு உச்சந்தலையில் இன்பமான ஒரு குறுகுறுப்பு தோன்றி, பிடரி வழியாக முதுகுக்கு இறங்குகிறது. வேறு சிலருக்கு எதுவுமே நேர்வதில்லை. "இதில் என்ன இருக்கிறது?" என்று எழுந்து போய்விடுகிறார்கள்.

ஏ.எஸ்.எம்.ஆர். என்ற எழுத்துக்களைத் தாங்கி வரும் வீடியோக்கள் இவைதாம். வாசகர்களுள் பலர், முக்கியமாகத் தேர்வுக் காலத்தில் தூக்கம் பிடிக்காமல் தவிக்கும் மாணவர்கள், இவற்றைக் கேட்டிருக்கக்கூடும். தூக்கமின்மைக்கு மருந்து, மனச்சோர்வுக்கு மருந்து, மூளைக்கு மசாஜ் என்றெல்லாம் இவற்றைப் புகழ்வோர் உண்டு. அந்தப் புகழ்ச்சியில் விஞ்ஞானம் எவ்வளவு என்று பார்ப்போம்.

முதலில் பெயரைக் கவனியுங்கள். 'அட்டானமஸ் சென்சரி மெரிடியன் ரெஸ்பான்ஸ்' என்பது அதன் விரிவு. மருத்துவக் கல்லூரிப் பாடநூலிலிருந்து எடுத்தது போல ஒலிக்கிறதல்லவா? உண்மையில், இதைப் பற்றிய ஆய்வுக்கூடச் சோதனைகள் எவையும் வெளிவருவதற்கு முன்பே, 2010-ம் ஆண்டில் ஜெனிபர் ஆலன் என்ற அமெரிக்கப் பெண்மணி ஆக்கிய பெயர் இது. இந்த உணர்வைப் பற்றிப் பேச வெட்கப்பட்டவர்கள் கூச்சமின்றிப் பேசுவதற்கு ஒரு கௌரவமான சொல் வேண்டியிருந்தது. 'மெரிடியன்' என்பதை உச்சம் என்னும் பொருளில், வேறு விதமாகத் தொனிக்கும் ஒரு சொல்லுக்குப் பதிலாக அவர் எடுத்துக்கொண்டார். அக்குபங்சர் வைத்தியத்தில் பேசப்படும் மெரிடியன் பாதைகளைப் பலர் இதனோடு சேர்த்து நினைத்துக்கொள்கிறார்கள். 'அட்டானமஸ்' என்றாலோ தன்னிச்சையானது என்றுதான் பொருள். இதயத்தையும் குடலையும் நம்மைக் கேளாமலே இயக்கும் நரம்பு மண்டலத்துக்கு 'அட்டானமிக்' என்று பெயர். ஓசை ஒன்றுபோல் இருப்பதால், அந்த மண்டலத்தோடு இதற்குள்ள உறவு நிரூபணமாகிவிட்டது போன்ற மயக்கம் உண்டாகிறது.

ஆலனைக் குறை சொல்வது முறையன்று. அவர் பெயர் சூட்டியிராவிட்டால் ஆராய்ச்சியாளர்கள் இந்தப் பக்கம் திரும்பியிருப்பார்களா என்பதே சந்தேகம். ஆனால் பெயரை விளக்கம் என்று எடுத்துக்கொண்டால் அங்கே சிக்கல் தொடங்கிவிடுகிறது.

உணர்வு பெயரைவிடப் பழையது. 1983 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் பாப் ராஸ் என்ற ஓவியர் மென்குரலில் பேசிக்கொண்டே படம் வரைந்து காட்டுவார். அவருடைய குரலிலும் தூரிகையின் உராய்விலும் இதே குறுகுறுப்பை அடைந்ததாகச் சொல்வோர் பலர். நல்ல இசையைக் கேட்கும்போது நமக்கு நேரும் புல்லரிப்போடு இதைக் குழப்பக்கூடாது. புல்லரிப்பு சட்டென வந்து சட்டென மறையும். மயிர்க்கால்கள் குத்திட்டு நிற்கும். உள்ளத்தில் கிளர்ச்சி இருக்கும். இதுவோ மெதுவாகப் பரவி நெடுநேரம் நீடிப்பது. மனம் அடங்குவதாகவே சொல்கிறார்கள்.

கிசுகிசுப்புக்கு ஏன் இந்த வல்லமை? நாம் சாதாரணமாகப் பேசும்போது குரல்நாண்கள் அதிர்கின்றன. கிசுகிசுக்கும்போது அவை அதிர்வதில்லை. காற்று சுழித்துச் சீறும் ஓசையே சொல்லாக வடிவெடுக்கிறது. இந்தச் சிற்றோசை தொலைவுக்கு எட்டாது. ஆகவே அது தெளிவாகக் கேட்கிறது என்றால், பேசுபவர் காதருகே இருக்கிறார் என்று மூளை கொள்வது இயல்பே. இதற்குமேல், இவ்வீடியோக்களில் பல, இரு காதுகளின் இடத்தில் இரு ஒலிவாங்கிகளை வைத்துப் பதிவு செய்யப்படுகின்றன. ஓர் ஓசை ஒரு காதை அடைவதற்கும் மறு காதை அடைவதற்கும் உள்ள இடைவெளி, வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அவ்வளவு நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே ஓசை வரும் திசையை நாம் அறிகிறோம். ஹெட்போன் அந்த வேறுபாட்டை அப்படியே காதுக்குள் சேர்ப்பதால் அருகாமை என்னும் மாயை முழுமையாகிறது. குறுகுறுப்பு எழுவதற்கு இது மட்டும் போதுமான காரணம் ஆகாது. போதுமானால் எல்லோருக்கும் எழவேண்டுமே!

இனி ஆய்வுகளுக்கு வருவோம். பிரிட்டனில் ஸ்வான்ஸீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எம்மா பாரட், நிக் டேவிஸ் இருவரும் 2015-ல் வெளியிட்ட கட்டுரையே முதல் விரிவான ஆய்வுகளுள் ஒன்று. 475 பேரிடம் வினாத்தாள் கொடுத்துக் கேட்டனர். ஓய்வுணர்வுக்காகக் கேட்கிறோம் என்றோர் 98 சதவீதம். தூக்கத்துக்காக என்றோர் 82 சதவீதம். கிசுகிசுப்பே உணர்வைத் தூண்டுகிறது என்றோர் 75 சதவீதம். மனச்சோர்வு தற்காலிகமாகக் குறைகிறது என்றும் சிலர் சொன்னார்கள். எளிய கேள்விகளைத் தெளிவாகக் கேட்ட நல்ல ஆய்வுதான். ஆனால் பதில் சொன்னவர்கள் யார்? இவ்வீடியோக்களை ஏற்கெனவே விரும்பிப் பார்ப்பவர்கள். காப்பிக் கடை வாசலில் நின்று, "காப்பி குடித்தால் சுறுசுறுப்பு வருமா?" என்று கேட்டால் என்ன பதில் கிடைக்கும்? 98 சதவீதம் என்பதை மனித குலம் முழுவதற்கும் உரிய எண்ணாக எழுதுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

2018-ல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜூலியா பொயரியோவும் அவருடைய குழுவினரும் ஒரு படி மேலே சென்றனர். இவ்வுணர்வு உள்ளவர், இல்லாதவர் என 112 பேரை ஆய்வுக்கூடத்தில் அமர்த்தி, வீடியோ பார்க்கும்போது உடலில் நேரும் மாறுதல்களை அளந்தனர். உணர்வுள்ளவர்களின் இதயத்துடிப்பு நிமிடத்துக்குச் சராசரியாக 3.14 குறைந்தது. (வட்டத்தின் 'பை'க்கும் இதற்கும் உறவு ஏதுமில்லை!) மற்றவர்களைவிட இது அதிகமான குறைவு. இந்தச் செய்தியைப் பத்திரிகைகள் பெரிதாக வெளியிட்டன. அதே கட்டுரையில் இருந்த இன்னொரு செய்தி அவ்வளவாகப் பரவவில்லை. அவர்களுடைய தோலின் மின்கடத்தும் திறன் கூடியது என்பதே அது. தோல் சற்றே வியர்க்கும்போது இத்திறன் கூடும். அது கிளர்ச்சியின் அறிகுறி. இதயம் அடங்குகிறது, தோலோ விழித்துக்கொள்கிறது! 'ஓய்வு' என்ற ஒற்றைச் சொல்லில் இவ்விரண்டும் அடங்குமா? என் கருத்தில் இந்தத் துறையில் இதுவரை கிடைத்துள்ள மிகச் சுவையான விடுகதை இதுதான்; 3.14 அன்று.

மூளைப் படங்களை ஆதாரமாகக் காட்டுவோரும் உண்டு. 2017-ல் கனடாவில் நடந்த ஆய்வில் உணர்வுள்ளோர் 11 பேர், இல்லாதோர் 11 பேர். 2018-ல் வெளிவந்த மற்றோர் ஆய்வில் மொத்தம் 10 பேர். மூளையைப் படமெடுக்கும் காந்தக் கருவி தடதடவெனப் பேரிரைச்சல் எழுப்புவது. அதற்குள் படுத்துக்கொண்டு கிசுகிசுப்பைக் கேட்டுச் சிலிர்க்க வேண்டும் என்றால், பாவம், அந்தப் பத்துப் பேர்!

மருந்து என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், நம்பிக்கையினால் விளைவதையும் பொருளினால் விளைவதையும் பிரித்துக் காட்ட வேண்டும். ஷெஃபீல்டில் அமர்ந்தவர்களுக்குத் தாம் எந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர் என்பது முன்னரே தெரியும். 2018-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் சிலர் இந்த முடிச்சைத் தொட்டார்கள். இவ்வுணர்வைப் பற்றி அறியாதவர்களுக்கு ஒலிகளைக் கேட்கச் செய்தபோது, முன்கூட்டி என்ன சொல்லப்பட்டதோ அதற்கேற்ப அவர்களுடைய பதில்கள் சாய்ந்தன. உணர்வே பொய் என்று இதற்குப் பொருளில்லை. வெறும் சொல்லும் பங்கு பெறுகிறது என்பதால், அந்தப் பங்கைக் கழித்துப் பார்க்காத எந்தக் கணக்கும் முழுமையாகாது.

மெல்லும் ஓசையையும் உதடு சப்பும் ஓசையையும் கேட்டாலே எரிச்சலும் கோபமும் கொள்வோர் இருக்கிறார்கள். இந்நிலைக்கு 2001-ல் 'மிசோபோனியா' என்று பெயரிட்டார்கள். ஒருவருக்குத் தாலாட்டாக இருக்கும் ஓசை இவர்களுக்குச் சித்திரவதை. எல்லோருக்கும் ஏற்ற மருந்து என்று சொல்பவர்கள் இவர்களை எங்கே வைப்பார்கள்?

இரவில் ஒலியைக் குறைத்து வைத்துக் கேட்டுத் தூங்குகிறவர் தூங்கட்டும். வாரக்கணக்கில் தூக்கம் வராதவர் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். மாணவர்களாகிய நீங்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இவ்வீடியோக்களை அறியாத நண்பர்கள் இருபது பேரைச் சீட்டுப் போட்டு இரண்டு குழுவாகப் பிரியுங்கள். தாளை மடிக்கும் ஓசையை எல்லோருக்கும் ஒரே அளவில் கேட்கச் செய்யுங்கள். "தலையில் குறுகுறுப்பு வரும்" என்று ஒரு குழுவிடம் மட்டும் முன்னதாகச் சொல்லுங்கள்; மற்றக் குழுவிடம் ஒன்றும் சொல்ல வேண்டாம். பதில்களை ஒவ்வொருவரும் தனித்தனியே, பிறர் பாராமல் எழுதித் தரட்டும். எண்ணிக் குறித்துக்கொண்டு, மறுவாரம் வேறு இருபது பேரை வைத்து மீண்டும் செய்து பாருங்கள்.