நிஜப் படம், அரை உண்மை

2020 ஏப்ரலில் உங்கள் செல்போனுக்கும் அந்த ஜோடிப் படம் வந்திருக்கும். ஒரு பக்கம் 2019 அக்டோபர் 17: புகைக்குள் மங்கலாக டெல்லி இந்தியா கேட். மறுபக்கம் 2020 ஏப்ரல் 8: நீல வானத்தின் கீழே கழுவித் துடைத்த மாதிரி அதே இந்தியா கேட். மனுஷன் வீட்டுக்குள் அடங்கினால் பூமி தானாகச் சரியாகிவிடும் என்று கூடவே ஒரு தத்துவம் வேறு.

படம் இரண்டும் அசல். ஜோடி சேர்த்ததில்தான் கோளாறு. தீபாவளி மாத விற்பனையை அடுத்த மாத விற்பனையோடு ஒப்பிட்டு, வியாபாரம் படுத்துவிட்டதென்று ஜவுளிக்கடைக்காரர் புலம்பினால் ஆடிட்டர் என்ன சொல்வார்? போன தீபாவளிக் கணக்கை எடுய்யா என்பார். அக்டோபரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் அறுத்த நெல் தாளை எரிக்கிறார்கள். காற்றும் அதிகம் அசையாது. ஏப்ரலில் வெயில் ஏறி, காற்று வீசி, எந்த வருஷமும் டெல்லிப் புகை ஓரளவு கலையத்தான் செய்யும்.

சரி, ஏப்ரலை ஏப்ரலோடு வைத்துப் பார்ப்போம். வண்டிப் புகையில் வரும் நைட்ரஜன் டை ஆக்ஸைடு டெல்லியில் ஏறக்குறைய பாதியானது. நுரையீரலுக்குள் புகும் பி.எம். 2.5 நுண்துகளும் கணிசமாகக் குறைந்தது. ஜலந்தர் மொட்டை மாடிகளிலிருந்து தௌலாதார் பனிமலை தெரிந்ததும் கட்டுக்கதை இல்லை. ஆனால் ஓசோன்? பல நகரங்களில் கூடிவிட்டது! வண்டிப் புகையிலுள்ள நைட்ரிக் ஆக்ஸைடு ஓசோனைத் தின்னும். வண்டி நின்றதும் தின்ன ஆளில்லை. 2020 பிப்ரவரியில் சீனாவே அடைந்து கிடந்தபோதும் பெய்ஜிங்கில் புகைமூட்டம் வந்தது. காற்று நின்று, ஈரப்பதம் கூடியதே போதுமானதாக இருந்தது.

இன்னொரு குறை, அந்தப் படத்தில் வரவு மட்டும் இருக்கிறது, செலவு இல்லை. அதே டெல்லியிலிருந்து மூட்டை முடிச்சோடு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, ஊருக்கு நடந்தார்களே கூலித் தொழிலாளிகள், அவர்கள் இழந்த சம்பளம்தான் அந்த நீல வானத்தின் விலை. அதுவும் நிற்கவில்லை. 2020 நவம்பரில் டெல்லிக் காற்று மறுபடி 'கடுமை' என்ற நிலைக்குப் போய்விட்டது.

இந்தப் படத்தை நம்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. சுத்தமான காற்று வேண்டுமென்றால் பிழைப்பை நிறுத்த வேண்டும் என்று நாமே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் காற்றைப் பற்றிப் பேசுகிறவனெல்லாம் ஏழை வயிற்றில் அடிக்கிறவன் ஆகிவிடுவான். கூடுதல் பஸ், அனல்மின் நிலையப் புகைபோக்கியில் வடிகட்டும் கருவி, நெல் தாளை எரிக்காத விவசாயிக்குக் காசு என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்காமல் விட்டுவிடுவோம்.

அடுத்த தடவை இப்படி ஒரு ஜோடிப் படம் வந்தால், ஃபார்வர்ட் பண்ணுவதற்கு முன்னால் தேதியைப் பாருங்கள்.