வேலி காத்ததும் மேய்ந்ததும்

2024 ஜனவரி 20 அன்று, முந்தைய ஆண்டு ஹியூகோ விருதுகளின் பரிந்துரைக் கணக்கு வெளியானது. ஆர்.எஃப். குவாங் எழுதிய 'பேபல்' நாவல் இறுதிப் பட்டியலில் இடம்பெறப் போதிய பரிந்துரைகளைப் பெற்றிருந்தது. ஆனால் அதன் எதிரே 'தகுதியற்றது' என்ற குறிப்பு இருந்தது. காரணம் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு நெபுலா விருதை வென்ற நாவல் அது. 'சாண்ட்மேன்' தொடரின் ஓர் அத்தியாயத்துக்கும், விமர்சகர் பால் வைமருக்கும், இளம் எழுத்தாளர் ஷிரான் ஜே ஜாவுக்கும் அதே கதிதான்.

1953இல் பிலடெல்பியாவில் தொடங்கிய ஹியூகோ, அறிவியல் புனைகதை உலகின் மிகப் பழைய பெரும் விருது. இதற்கு நடுவர் குழு கிடையாது. உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்குச் சந்தா கட்டும் எவரும் பரிந்துரைக்கலாம், வாக்களிக்கலாம். எழுத்தாளர், பதிப்பாசிரியர், வாசகர் எல்லோருக்கும் ஒரே வாக்குதான். இறுதிப் பட்டியலில் எதுவும் தேறாது என்று நினைப்பவர் 'விருது இல்லை' என்பதற்கே வாக்களிக்கலாம். விழா முடிந்ததும் யாருக்கு எத்தனை பரிந்துரை, எத்தனை வாக்கு என்ற கணக்கும் வெளியிடப்படும். இலக்கிய விருதுகளில் இது அரிய நேர்மை.

வாசலை இப்படித் திறந்து வைத்தால் கும்பலாகவும் நுழையலாம். வாசகர்கள் தனித்தனியே படித்துப் பரிந்துரைப்பதால் வாக்குகள் பல நூல்களுக்குச் சிதறும். சில பிரிவுகளில் இறுதிப் பட்டியலை எட்ட நூறு பரிந்துரைகள்கூடத் தேவைப்பட்டதில்லை. எனவே ஒரே பட்டியலை வைத்துக்கொண்டு சேர்ந்து வாக்களிக்கும் சிறு குழு, மொத்தப் பிரிவையும் கைப்பற்றிவிட முடியும்.

2015இல் அதுதான் நடந்தது. சாகசக் கதைகளை ஒரு சிறு வட்டம் ஒதுக்குகிறது என்று குறைப்பட்ட 'சேட் பப்பீஸ்' அணியும், வாக்ஸ் டே நடத்திய 'ராபிட் பப்பீஸ்' அணியும் பட்டியல்களை முன்வைத்துப் பல பிரிவுகளை முற்றாக நிரப்பின. வாக்காளர் கூட்டம் சிறியது என்ற அவர்களது குறையில் உண்மை இருந்தது. ஆனால் அவர்கள் கண்ட மருந்து அந்தச் சிறிய கூட்டத்தை விரிவாக்கவில்லை; மற்ற வாசகர்களின் தேர்வுகளைத் துடைத்தெறிந்தது.

அந்த ஆண்டு ஸ்போகேன் மாநாட்டில் ஏறத்தாழ ஆறாயிரம் பேர் வாக்களித்து, ஐந்து பிரிவுகளில் 'விருது இல்லை' என்று தீர்ப்பளித்தார்கள். அந்தத் தீர்ப்புக்கும் விலை இருந்தது. பட்டியல்காரர்கள் பெயரைச் சேர்த்துவிட்ட ஒரே காரணத்தால் தகுதியுள்ள பதிப்பாசிரியர்களும் தோற்றார்கள். நாவல் பிரிவில் மட்டும் ஒரு நல்லது நடந்தது. பட்டியல் வழியே வந்த இடம் வேண்டாமென்று மார்கோ க்ளூஸ் விலக, அந்த இடத்துக்கு வந்த லியு சிஷினின் 'த்ரீ-பாடி பிராப்ளம்' வென்றது. நாவல் பிரிவில் ஹியூகோ பெற்ற முதல் மொழிபெயர்ப்பு அது.

பிறகு விதி மாறியது. இன்று ஒவ்வொரு பரிந்துரையாளருக்கும் பிரிவுக்கு ஒரு புள்ளி. ஐந்து நூல்களைக் குறித்தால் அது ஐந்தாகப் பிரியும். எனவே ஒரே பட்டியலை அப்படியே நிரப்பும் குழுவின் பலம் சிதறிவிடும். எந்த விதியையும் அடுத்தடுத்த இரண்டு மாநாடுகள் ஏற்க வேண்டும் என்பதால் இது நடைமுறைக்கு வர 2017 ஆனது. தாமதம்தான். ஆனால் கோபத்தில் விதியெழுதாமல் இருக்க அந்தத் தாமதம் உதவியது.

இத்தனையும் வெளியிலிருந்து வருபவரைத் தடுக்கும் ஏற்பாடுகள். 2023இல் சீனாவின் செங்டுவில் நடந்த மாநாட்டில் வேலியே பயிரை மேய்ந்தது. 2024 பிப்ரவரியில் கிறிஸ் பார்க்லியும் ஜேசன் சான்ஃபோர்டும் வெளியிட்ட அறிக்கையின் மின்னஞ்சல்களில், விருதை நிர்வகித்த வட அமெரிக்கத் தன்னார்வலர்கள் சீனா, தைவான், திபெத் குறித்துப் போட்டியாளர்கள் என்ன பேசினார்கள் என்று துருவித் தேடிய குறிப்புகள் இருந்தன. நேபாளம் போய்வந்த வைமர், திபெத் போனதாக அவற்றில் பதிவாகியிருந்தது. சீன வாசகர்கள் பரிந்துரைத்த படைப்புகள் பலவும் நீக்கப்பட்டதாக அந்த அறிக்கை சொன்னது. தங்கள் மண்ணில் முதன்முறை நடந்த மாநாட்டில் அவர்களது வாக்கும் மதிக்கப்படவில்லை.

ஹியூகோவின் உண்மையான பலவீனம் இங்கேதான். ஆண்டுதோறும் வேறொரு நகரம், வேறொரு குழு. 'தகுதியற்றது' என்று எழுதிய கைக்குக் காரணம் சொல்லும் கடமை அப்போது இருக்கவில்லை, மேல்முறையீட்டுக்கும் வழி இருக்கவில்லை. ஆனால் இந்தத் தவறைக் காட்டிக் கொடுத்ததும் ஹியூகோவின் வழக்கம்தான். கணக்கை வெளியிட வேண்டும் என்ற விதி இல்லாதிருந்தால் 'பேபல்' நீக்கப்பட்டது நமக்குத் தெரிந்தேயிருக்காது. மூடிய அறையில் நடுவர்கள் தேர்ந்தெடுக்கும் விருதில் இத்தகைய நீக்கம் தடயமின்றிப் போயிருக்கும்.

2024 கிளாஸ்கோ குழு மாற்றுவழியைக் காட்டியது. 3,813 வாக்குகளில் 377 போலியாகத் தெரிந்தபோது, அவற்றை நீக்கி, எப்படிக் கண்டறிந்தோம் என்பதை விழாவுக்கு முன்பே அறிவித்தது. அந்த வாக்குகளால் பயன்பெறவிருந்தவருக்கு இதில் பங்கிருந்ததாகச் சான்றில்லை என்பதால் அவர் பெயரை வெளியிடவில்லை. இந்த நாகரிகம் ஒரு குழுவின் நற்குணமாக நின்றுவிடக் கூடாது, விதியாக வேண்டும். தகுதி நீக்கத்தின் காரணம் வாக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் வர வேண்டும். நடத்தும் குழுவைச் சாராத ஒருவர் எண்ணிக்கையைச் சரிபார்க்க வேண்டும்.

ஷிரான் ஜே ஜாவுக்கு நேர்ந்த அநீதிக்கு ஓரளவு பரிகாரம் கிடைத்தது. புதிய எழுத்தாளருக்கான அஸ்டவுண்டிங் விருதில் அவரது தகுதிக் காலம் நீட்டிக்கப்பட்டது; 2024இல் அவரே வென்றார். ஆனால் ஒரு நாவல் ஹியூகோவில் போட்டியிடுவது பொதுவாக ஒரு முறைதான். 'பேபல்' நாவலுக்கு அந்த ஆண்டு போய்விட்டது. அதைப் பரிந்துரைத்த வாசகர்களின் குரலும் அதனோடு போய்விட்டது.